விலை சொல்லாத உரிமம்: குவால்காம் வழக்கு முதல் தில்லித் தீர்ப்பு வரை

2019 ஏப்ரல் 16. கலிஃபோர்னியாவின் சான் டியாகோ மத்திய நீதிமன்றத்தில் ஐபோன் விற்கும் ஆப்பிளுக்கும், கைபேசிச் சிப்பும் காப்புரிமை உரிமமும் விற்கும் குவால்காமுக்கும் இடையிலான ராயல்டி வழக்கின் விசாரணை தொடங்கியிருந்தது. ஜூரி தேர்வு முடிந்து, வழக்கறிஞர்கள் தொடக்க உரை நிகழ்த்திக்கொண்டிருந்த நேரத்திலேயே இரண்டு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டதாகச் செய்தி வந்துவிட்டது. உலகம் முழுவதும் ஒருவர்மீது ஒருவர் தொடுத்திருந்த வழக்குகள் அத்தனையும் வாபஸ். ஆப்பிள் ஒரு தொகையை மொத்தமாகக் கட்டும். ஆறு ஆண்டுகளுக்கு உரிமம் பெறும், வேண்டுமானால் மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்துக்கொள்ளலாம். குவால்காமிடம் மீண்டும் சிப் வாங்கும். மொத்தத் தொகை எவ்வளவு, ஒரு ஐபோனுக்கு எவ்வளவு என்பதை இரு தரப்பும் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து, இந்தச் சமரசத்தால் 450 முதல் 470 கோடி டாலர் வரை வருவாய்க் கணக்கில் சேரும் என்று குவால்காம் முதலீட்டாளர்களிடம் தெரிவித்தது. பொதுமக்களுக்குக் கிடைத்தது அந்த ஓர் எண்தான்.

கைபேசி வாங்கும் எல்லோரும் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்கு ஒரு பங்கு கட்டுகிறோம். கடைக்காரர் தரும் பில்லில் ஜிஎஸ்டி தனியாகத் தெரியும். காப்புரிமைக்காகப் போகும் ராயல்டி தெரியாது. அந்த ராயல்டி எப்படி முடிவாகிறது என்பதைக் கடந்த இருபது ஆண்டு வழக்குகளை வைத்துப் பார்த்தால், ஒன்று தெளிவாகப் புலப்படுகிறது: கண்டுபிடிப்பு எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, பேரத்தில் யாருக்கு எதை இழந்துவிடுவோம் என்ற பயம் அதிகம் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. சிப் கிடைக்காமல் போகும் பயம், விற்பனைக்குத் தடை விழும் பயம், பல ஆண்டு பாக்கியை மொத்தமாகக் கட்ட நேரும் பயம். ஒப்பந்தங்களின் ரகசியம் இந்த நிலையை அப்படியே காப்பாற்றித் தருகிறது.

இந்தப் பயம் எங்கே பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, தரநிலைகள் உருவாகும் இடத்துக்குப் போக வேண்டும். சென்னையில் வாங்கிய போன் சிங்கப்பூரில் இறங்கியதும் வேலை செய்கிறது என்றால், இரண்டு ஊர்களின் கோபுரங்களும் அந்தப் போனும் ஒரே விதிகளைப் பின்பற்றுகின்றன என்று பொருள். அந்த விதிகளை எழுதுவது 1998 இறுதியில் தொடங்கிய 3ஜிபிபி என்ற கூட்டமைப்பு. ஐரோப்பாவின் எட்சி, இந்தியாவின் டிஎஸ்டிஎஸ்ஐ உட்படப் பல நாடுகளின் தரநிலை அமைப்புகள் அதில் பங்குதாரர்கள். எரிக்சன், குவால்காம், நோக்கியா, ஹுவாவே, சாம்சங் போன்ற நிறுவனங்களின் பொறியாளர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் முன்மொழிவுகளோடு வருவார்கள். சிக்னலில் பிழை திருத்த எந்த முறை, குரலைச் சுருக்க எந்த முறை என்று ஒவ்வொன்றுக்கும் வாதம் நடக்கும். முடிவாகும் நாள் வரை மூன்று நான்கு மாற்று வழிகள் இருக்கலாம். முடிவான மறுநாள் முதல் ஒன்றுதான். உலகில் யார் போன் செய்தாலும் அந்த வழியில்தான் போயாக வேண்டும். அந்த வழிக்கு ஒருவரிடம் காப்புரிமை இருந்தால், அது சாதாரணக் காப்புரிமையாக இருப்பதில்லை; தரநிலைக்கு இன்றியமையாத காப்புரிமை ஆகிவிடுகிறது. தொழில் வட்டத்தில் இதை எஸ்இபி என்பார்கள்.

இந்த ஆதிக்கத்துக்குக் கடிவாளமாகத்தான் ஃப்ராண்ட் என்ற உறுதிமொழி வந்தது. எட்சி தன் அறிவுசார் சொத்துரிமைக் கொள்கையை 1994இல் வகுத்தது. தரநிலைக்குள் காப்புரிமை உள்ள நிறுவனங்கள் அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நியாயமான, ஏற்கத்தக்க, பாகுபாடு காட்டாத நிபந்தனைகளில் உரிமம் தரத் தயார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயம் என்றால் எத்தனை சதவீதம், எதன்மீது சதவீதம், யாருக்கு உரிமம், சிப் செய்பவருக்கா போன் செய்பவருக்கா என்ற எதற்கும் அந்தக் கொள்கையில் விடை கிடையாது. உறுப்பினர்களாக இருப்பவர்களே வாங்குபவர்களும் விற்பவர்களுமாக இருந்ததால், விடை எழுத முயன்றால் தரநிலையே உருவாகாது என்று விட்டுவிட்டார்கள்.

அறிவிப்பு முறையிலும் பெரிய ஓட்டை. ஒரு நிறுவனம் தன் காப்புரிமை இன்றியமையாதது என்று அறிவித்தால், எட்சி அதைப் பதிவு செய்துகொள்ளும். உண்மையா என்று சோதிக்காது. 3ஜி காப்புரிமைகளை எடுத்து ஆராய்ந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு, அறிவிக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே உண்மையில் இன்றியமையாதவை என்று கண்டது. இதைச் சரிசெய்ய ஐரோப்பிய ஆணையம் 2023 ஏப்ரலில் ஒரு சட்ட வரைவு கொண்டுவந்தது. பதிவேடு, மாதிரிச் சோதனை, மொத்த ராயல்டி எவ்வளவு என்று கணிக்கும் ஏற்பாடு எல்லாம் அதில் இருந்தன. காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன; உடன்பாடு எட்ட வழியில்லை என்று சொல்லி 2025இல் ஆணையம் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எனக்கு அது பெரிய ஏமாற்றம். அந்த வரைவில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் சோதிக்கப்படாத பட்டியலை முன்வைத்துப் பணம் கேட்கும் வழக்கத்துக்கு எதிராக ஓர் அரசு அமைப்பு எடுத்த உருப்படியான முயற்சி அதுதான்.

இனி குவால்காம். 1985இல் சான் டியாகோவில் இர்வின் ஜேக்கப்ஸ், ஆண்ட்ரூ விட்டர்பி உள்ளிட்டோர் தொடங்கிய நிறுவனம். பல பேர் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேச, ஒவ்வொருவர் சிக்னலுக்கும் தனிக் குறியீடு கொடுத்துப் பிரித்தெடுக்கும் சிடிஎம்ஏ முறையைக் கைபேசிக்குப் பயன்படுத்த முடியும் என்று அவர்கள் சொன்னபோது, தொழில்துறையில் நம்பியவர்கள் குறைவு. நடத்திக் காட்டினார்கள். 1993இல் அது அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்டது; 1996இல் தென் கொரியாவில் வணிகச் சேவையாக வந்தது. பின்னர் வந்த 3ஜி தரநிலைகளுக்கும் அடித்தளம் அந்த முறைதான். ஆகவே குவால்காம் சும்மா உட்கார்ந்து வசூல் செய்யும் நிறுவனம் என்று சொல்வது அநியாயம்.

கோபுரக் கருவிகள் செய்யும் பிரிவை எரிக்சனுக்கும் கைபேசிப் பிரிவை ஜப்பானின் கியோசெராவுக்கும் விற்ற பிறகு, குவால்காமிடம் முக்கியமாக இரண்டு தொழில்கள் மிஞ்சின. ஒன்று சிப் விற்பது, மற்றொன்று காப்புரிமை உரிமம் விற்பது. உரிமப் பிரிவின் வருவாய் ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல். அதில் வரிக்கு முந்தைய லாபமே ஏறத்தாழ 70 சதவீதம். இந்த இரண்டு தொழில்களையும் இணைத்த ஒரு விதிதான் உலகம் முழுவதும் வழக்குகளைக் கொண்டுவந்தது: உரிமம் வாங்காதவருக்குச் சிப் கிடையாது.

இதன் நுட்பத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. காப்புரிமை உள்ள பொருளை உரிமையாளரோ அவரிடம் உரிமம் பெற்றவரோ ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பொருளின்மீது உரிமை தீர்ந்துவிடுகிறது. வாங்கியவர் அதைப் பயன்படுத்துவதற்கு இன்னொரு முறை பணம் கேட்க முடியாது. உதிரிபாகங்களுக்கும் இது பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் குவான்டா - எல்ஜி வழக்கில் உறுதி செய்தது. இப்போது குவால்காம் தன் போட்டியாளரான இன்டெலுக்கோ மீடியாடெக்குக்கோ உரிமம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டெல் சிப் விற்ற அந்தக் கணத்திலேயே உரிமை தீர்ந்துவிடும். அந்தச் சிப்பைப் பொருத்தும் ஆப்பிளிடம் எதுவும் கேட்க முடியாது. கிடைப்பது இருபது முப்பது டாலர் சிப்பின் விலையில் ஒரு சதவீதம் மட்டுமே. போட்டிச் சிப் நிறுவனங்களுக்கு முழு உரிமம் தராமல், போன் தயாரிப்பாளரிடம் மட்டும் உரிமம் விற்றால், பல நூறு டாலர் போனின் விலையில் சதவீதம் கிடைக்கும். தன் சிப்பை விற்றாலும் இதே சிக்கல் வரும் என்பதால்தான், உரிமம் முதலில், சிப் பிறகு என்ற வரிசை கட்டாயமானது.

இதே விதி இந்தியாவில் ஒருமுறை எல்லோரும் பார்க்கும்படி வேலை செய்தது. 2014 டிசம்பரில் எரிக்சன் தொடுத்த வழக்கில் ஷாவ்மி போன்களின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஒரு வாரம் கழித்து இரு நீதிபதிகள் அமர்வு தடையைத் தளர்த்தியது. குவால்காம் சிப் உள்ள போன்களை, ஒன்றுக்கு 100 ரூபாய் டெபாசிட் கட்டி விற்கலாம். மீடியாடெக் சிப் உள்ளவற்றை விற்கக் கூடாது. குவால்காம் ஏற்கெனவே எரிக்சனிடம் உரிமம் பெற்றிருக்கிறது என்பதே ஷாவ்மியின் வாதம். ரெட்மி 1எஸ் விற்பனைக்கு வந்தது, ரெட்மி நோட் 3ஜி நின்றுபோனது. கடையில் கேட்ட வாடிக்கையாளருக்கு இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆப்பிள் வழக்குக்குத் திரும்பினால், அங்கே சண்டை இதே புள்ளியில்தான். ஆப்பிள் நெடுங்காலம் குவால்காமிடம் நேரடி உரிமம் வாங்கவே இல்லை. ஐபோனையும் ஐபேடையும் கோத்துத் தரும் ஃபாக்ஸ்கான், பெகாட்ரான், விஸ்ட்ரான், காம்பல் ஆகியவைதான் உரிமம் பெற்று ராயல்டி கட்டின; ஆப்பிள் அவற்றுக்கு ஈடு செய்தது. 2017 ஜனவரியில் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்ட ஆப்பிள், அதன் பிறகு அந்த ஈட்டுத் தொகையைக் கொடுப்பதை நிறுத்தியது. ஃபாக்ஸ்கான் முதலியவையும் குவால்காமுக்குக் கட்டுவதை நிறுத்தின. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் கோக்கும் அதே ஃபாக்ஸ்கான், கண்டுபிடிப்பாளருக்கும் பிராண்டுக்கும் நடுவே இப்படி ஒரு வரி வசூலிப்பவர் இடத்தில் நின்றது.

வீட்டின் விலையைக் கேட்டுவிட்டு, அதற்குத் தகுந்தபடி சோபாவுக்கு விலை சொல்வது போலிருக்கிறது இது என்று ஆப்பிள் தலைவர் டிம் குக் குறைபட்டார். கேமராவையும் திரையையும் நினைவகத்தையும் நாங்கள் மேம்படுத்தி விலை கூட்டினால், அதிலும் மோடம் (போனைக் கோபுரத்தோடு இணைக்கும் சிப்) காப்புரிமைக்காரருக்கு எதற்குப் பங்கு என்பது அவர் கேள்வி. குவால்காமின் பதில்: எங்கள் கண்டுபிடிப்புகள் மோடத்தோடு நிற்பவை இல்லை, இணைப்பு இல்லாவிட்டால் அந்தத் திரையையும் கேமராவையும் யார் இந்த விலைக்கு வாங்குவார்கள்? 2019 ஜனவரியில், குவால்காம்மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தொடுத்திருந்த தனி வழக்கில் சாட்சி சொன்ன ஆப்பிள் அதிகாரி ஜெஃப் வில்லியம்ஸ், தாங்கள் நியாயம் என்று நினைத்தது ஒரு போனுக்கு 1.50 டாலர், அதாவது 30 டாலர் மோடத்தில் 5 சதவீதம் என்றார். தள்ளுபடிகளுக்குப் பிறகு கட்டியது 7.50 டாலர். ஒரே காப்புரிமைத் தொகுப்புக்கு இரண்டு தரப்பும் நினைத்த நியாய விலைகளுக்கு இடையே ஐந்து மடங்கு தூரம். இரண்டும் நேர்மையாகவே நம்பப்பட்ட எண்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒழுங்குமுறை அமைப்புகள் நாட்டுக்கு நாடு வேறு வேறு முடிவுக்கு வந்தன. சீனா 2015 பிப்ரவரியில் 608.8 கோடி யுவான் அபராதம் போட்டது. சீனாவில் விற்கும் போன்களுக்கு நிகர விலையின் 65 சதவீதத்தின் மீது மட்டுமே ராயல்டி கணக்கிட வேண்டும் என்றும் குவால்காம் ஒப்புக்கொண்டது. தென் கொரியா 2016 டிசம்பரில் ஒரு லட்சம் கோடி வொன்னுக்கு மேல் அபராதம் விதித்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. ஐரோப்பிய ஆணையம் 2018இல் 99.7 கோடி யூரோ அபராதம் போட்டது; அது ஆப்பிளுக்குப் பணம் கொடுத்துப் போட்டியாளர்களின் சிப்பை வாங்க விடாமல் செய்ததற்காக. அந்த உத்தரவை ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது.

அமெரிக்காவில் நடந்தது இவற்றையெல்லாம்விட முக்கியம். வணிக ஆணையத்தின் வழக்கை விசாரித்த நீதிபதி லூசி கோ, 2019 மே 21இல் 233 பக்கத் தீர்ப்பு எழுதினார். எல்ஜி, சோனி, லெனோவோ, பிளாக்பெர்ரி என்று ஒவ்வொரு நிறுவனமாக எடுத்து, உரிமப் பேச்சு இழுபறியானபோது சிப் வரத்தை நிறுத்துவதாக எப்படி மிரட்டப்பட்டது என்பதைப் பதிவு செய்தார். போட்டியாளர்களுக்கும் உரிமம் தர வேண்டும், உரிமம் இல்லையேல் சிப் இல்லை என்ற விதியைக் கைவிட வேண்டும் என்றார். மேல்முறையீட்டில் அமெரிக்க நீதித் துறையே குவால்காம் பக்கம் நின்றது. பாதுகாப்புத் துறையும் எரிசக்தித் துறையும் 5ஜியில் நாட்டின் பாதுகாப்பைச் சொல்லி ஆதரவு தெரிவித்தன. 2020 ஆகஸ்ட் 11இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை முழுதாகத் தள்ளியது. போட்டியாளர்களுக்கு உரிமம் தரும் கடமை போட்டிச் சட்டத்தில் இல்லை, உறுதிமொழி மீறப்பட்டிருந்தால் அது ஒப்பந்தச் சட்ட விஷயம் என்பது சாரம்.

சட்டப்படி அந்தத் தீர்ப்பைக் குறை சொல்வது கடினம். ஆனால் நடைமுறையில் ஒப்பந்த வழக்குத் தொடுக்க யாரால் முடியும்? தன் போன்களுக்குச் சிப் தருகிறவர்மீதே வழக்குப் போட ஆப்பிள் அளவு பணமும் மாற்றுச் சிப்பும் இருக்க வேண்டும். ஆப்பிளுக்கே இன்டெல் என்ற மாற்று இருந்த வரைதான் சண்டை நீடித்தது. சமரசம் அறிவித்த அதே நாளில், 5ஜி கைபேசி மோடம் தொழிலிலிருந்து விலகுவதாக இன்டெல் அறிவித்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காப்புரிமைக்காரர்களின் பயமும் பொய்யில்லை. கோபுரக் கருவியோ சிப்போ போல, உரிமத்தை அனுப்பாமல் நிறுத்திவைக்க முடியாது. தரநிலை ஆவணங்கள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. எவரும் போன் செய்து விற்றுவிட்டு, பேசிக்கொண்டே இருக்கலாம் என்று ஆண்டுகளைக் கடத்தலாம். வழக்கு வந்தால் என்றைக்கோ கட்ட வேண்டியதைத்தான் கட்டச் சொல்வார்கள் என்றால், காத்திருப்பது லாபம். நேர்மையாக முதலிலேயே கையெழுத்திட்ட போட்டியாளருக்கு அது நஷ்டம். நோக்கியா தன் கைபேசித் தொழிலை 2014இல் மைக்ரோசாஃப்டுக்கு விற்றுவிட்டது. எரிக்சனும் கைபேசியை விட்டு வெளியே வந்து ஆண்டுகள் ஆகின்றன. கைபேசிகளுக்குள் இருக்கும் தங்கள் ஆராய்ச்சிக்கு அவர்களுக்கு வேறு எந்த வழியிலும் பணம் திரும்பாது.

சில நிறுவனங்கள் 5ஜிக்குப் பட்டியல் விலையை வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றன. எரிக்சன் 2017இல் ஒரு போனுக்கு 5 டாலர், மலிவு போன்களுக்கு 2.50 டாலர் வரை குறையலாம் என்றது. நோக்கியா 2018இல் 3 யூரோ என்றது. குவால்காம் பல தலைமுறைகளையும் தாங்கும் 5ஜி போனுக்கு 3.25 சதவீதம், ஆனால் போனின் விலை 400 டாலருக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 400 என்றே கொள்ளப்படும் என்றது. அதாவது உச்சம் 13 டாலர். டாலர் 85 ரூபாய், யூரோ 95 ரூபாய் என்று வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொழிற்சாலையிலிருந்து 9,000 ரூபாய்க்கு வெளியேறும் போனுக்கு இந்த மூன்று நிறுவனங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 790 ரூபாய், கிட்டத்தட்ட 9 சதவீதம். 90,000 ரூபாய் போனுக்கு ஏறத்தாழ 1,815 ரூபாய், 2 சதவீதம். போனின் விலை பத்து மடங்கு, ராயல்டி இரண்டு மடங்கு சொச்சம். உண்மையான ஒப்பந்தங்களில் இதைவிடக் குறைவாகக் கட்டுவார்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் மாற்றாகக் கொடுத்துப் பெருமளவு குறைத்துக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு குறைந்தது என்பதுதான் தெரியாது. ஆனால் சுமை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பட்டியல் விலையிலேயே தெரிகிறது. போனின் விலையில் சதவீதம் என்ற முறையை ஆப்பிள் எதிர்த்ததற்கும், உச்சவரம்பு வந்ததால் யாருக்கு ஆதாயம் என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. மலிவு போன் வாங்குகிறவர்கள் நிறைந்த நாட்டுக்கு, உச்சவரம்பு உதவாது; நிலையான டாலர் தொகை நேரடியாகவே வலிக்கும்.

நியாய விலையை நீதிமன்றமே சொல்லட்டும் என்றால் என்ன நடக்கிறது? சியாட்டிலில் நீதிபதி ஜேம்ஸ் ராபார்ட் 2013இல் மைக்ரோசாஃப்ட் - மோட்டோரோலா வழக்கில் வைஃபை, வீடியோ காப்புரிமைகளுக்கு விலை நிர்ணயித்தார். மோட்டோரோலா கேட்டது பொருளின் விலையில் 2.25 சதவீதம், அது ஆண்டுக்கு 400 கோடி டாலர் வரும் என்றது மைக்ரோசாஃப்ட். நீதிபதி சொன்னபடி வந்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 18 லட்சம் டாலர். லண்டனில், காப்புரிமைகளை வைத்து உரிமம் விற்கும் ஆப்டிஸ் நிறுவனத்துக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் 2023இல் உயர் நீதிமன்றம் 5.6 கோடி டாலர் என்றது. 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 50.2 கோடி டாலராக்கியது. அதே காப்புரிமைகள், அதே ஆப்பிள், அதே நகரம். தொகை ஒன்பது மடங்கு. ஒப்பிடத் தக்க ஒப்பந்தங்களாக எவற்றை எடுப்பது, அவற்றை எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதில்தான் இவ்வளவு வித்தியாசமும் வந்தது. நீதிபதிகள் திறமைசாலிகள்தான். அவர்கள் முன் வைக்கப்படும் ஆதாரம், வழக்கில் உள்ள இருவரும் கொண்டுவந்த சில ரகசிய ஒப்பந்தங்களோடு நின்றுவிடுகிறது.

தடையாணை இன்னொரு ஆயுதம். ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் ஹுவாவே - இசட்டிஈ வழக்கில் ஒரு நடைமுறையை வகுத்தது: உரிமையாளர் முதலில் எச்சரிக்க வேண்டும், எதிர்த்தரப்பு உரிமம் பெற விருப்பம் தெரிவித்தால் எழுத்தில் விலை சொல்ல வேண்டும், அது பிடிக்காவிட்டால் எதிர்த்தரப்பு மாற்று விலை சொல்ல வேண்டும். ஜெர்மன் நீதிமன்றங்கள் விருப்பமில்லாதவர் என்ற முத்திரையைச் சுலபமாகவே குத்தின. நோக்கியா பெற்ற தடையால் 2022 ஆகஸ்டில் ஒப்போவும் ஒன்பிளஸும் ஜெர்மனியில் விற்பனையை நிறுத்தின. 2024 ஜனவரியில் சமரசம் ஆனது. சீன நீதிமன்றங்கள் எதிர்த்திசையில் போயின. 2020இல் காப்புரிமை உரிமம் விற்கும் இன்டர்டிஜிட்டல் நிறுவனம் ஷாவ்மிமீது தில்லியில் நடத்திய வழக்கைத் தொடரக் கூடாது என்று வூஹான் நீதிமன்றம் உத்தரவு போட, அந்த உத்தரவைச் செயல்படுத்தக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் பதில் உத்தரவு போட்டது.

தில்லி இந்த ஆட்டத்துக்குள் வந்தது 2013 மார்ச்சில், எரிக்சன் மைக்ரோமேக்ஸ்மீது வழக்குத் தொடுத்தபோது. மைக்ரோமேக்ஸ் இந்தியப் போட்டி ஆணையத்திடம் போனது. ஆணையம் 2013 நவம்பரில் விசாரணைக்கு உத்தரவிட்டபோது சொன்ன உதாரணம் எளிமையானது: அதே ஜிஎஸ்எம் சிப் 100 ரூபாய் போனில் இருந்தால் ராயல்டி 1.25 ரூபாய், 1,000 ரூபாய் போனில் இருந்தால் 12.50 ரூபாய்; இது எப்படிச் சரி? விடை கிடைக்கும் முன்பே, ஆணையத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டா என்ற வழக்கு பத்தாண்டு நடந்தது. உண்டு என்றது 2016இல் தனி நீதிபதியின் தீர்ப்பு. காப்புரிமைச் சட்டமே மேலோங்கும், ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்றது 2023 ஜூலையில் இரு நீதிபதிகள் அமர்வு. உச்ச நீதிமன்றமும் 2025 செப்டம்பரில் ஆணையத்தின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. போட்டிச் சட்டத்தின் கண்ணால் இந்தச் சந்தையைப் பார்க்கும் ஒரே பொது அமைப்பு இப்படி வெளியே நிறுத்தப்பட்டது நல்லதில்லை என்றே நினைக்கிறேன். தனியார் வழக்கில் இரண்டு கட்சிக்காரர்கள் இருப்பார்கள். போன் வாங்குகிறவர் அதில் கட்சிக்காரர் இல்லை.

முழு விசாரணை நடந்து எண் சொல்லப்பட்ட தீர்ப்பு 2024 மார்ச் 28இல் வந்தது. இந்தியக் கைபேசி நிறுவனமான லாவா எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றார் நீதிபதி அமித் பன்சால். எட்டுக் காப்புரிமைகளில் ஒன்று செல்லாது, ஏழு செல்லும். விகிதம் போனின் நிகர விற்பனை விலையில் 1.05 சதவீதம். சிப்பின் விலையைத்தான் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. பேச்சு 2011இலேயே தொடங்கியும் லாவா உருப்படியான மாற்று விலை எதுவும் சொல்லாமல் காலம் கடத்தியது என்ற முடிவை, தீர்ப்பைப் படிக்கிறவர்கள் மறுப்பது கடினம். இந்திய பிராண்டுகள் சந்தையை இழந்ததற்குக் காப்புரிமை வழக்குகளே காரணம் என்று சிலர் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 4ஜிக்கு மாறிய வேகமும், சீன நிறுவனங்களின் விலையும் தரமும் அவற்றை அடித்துச் சென்றன. சீனாவிலிருந்து தயார் நிலையில் வாங்கிப் பெயர் ஒட்டி விற்ற போனில், நம்முடைய காப்புரிமை என்று பேரம் பேசக் கையில் எதுவும் இல்லாததே பெரிய பலவீனம்.

அந்தப் பலவீனத்தைச் சரிசெய்யச் சென்னையிலிருந்து ஒரு முயற்சி நடந்தது. ஐஐடி சென்னை, அதன் ஆய்வுப் பூங்காவில் உள்ள செவிட் (CEWiT) என்ற கம்பியில்லாத் தொழில்நுட்ப மையம், ஐஐடி ஹைதராபாத் ஆகியவை சேர்ந்து, ஊரகங்களில் ஒரு கோபுரம் கூடுதல் தூரத்தை எட்டும்படி 5ஜியை மாற்றி அமைத்தன. 5ஜிஐ என்ற பெயரில் அதைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2020இல் தரநிலையாக ஏற்றது. தனித் தரநிலை என்றால் தனிப் போன், தனிக் கருவி, கூடுதல் செலவு என்று சேவை நிறுவனங்கள் எதிர்த்தன. கடைசியில் அதன் கூறுகள் 3ஜிபிபியின் 17ஆம் வெளியீட்டில் இணைக்கப்பட்டன. தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. உலகம் முழுதும் போகும் விதிகளுக்குள் நம் பொறியாளர்களின் வேலை நுழைவதுதான் எதிர்கால ராயல்டி பேரத்தில் மதிப்புள்ள சொத்து என்பதால், இணைந்ததே சரி. 6ஜி காப்புரிமைகளில் 10 சதவீதம் இந்தியாவுடையதாக இருக்க வேண்டும் என்று இப்போது இலக்கு பேசப்படுகிறது. எண்ணிக்கை இலக்கு வைத்தால் எண்ணிக்கைதான் வரும். 3ஜிபிபி கூட்டங்களுக்கு ஆண்டுக்கணக்கில் விடாமல் ஆள் அனுப்பி, முன்மொழிவை விவாதித்து நிறைவேற்றும் நிறுவனங்களுக்கே இன்றியமையாத காப்புரிமைகள் சேர்ந்திருக்கின்றன.

விலை விஷயத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னுதாரணமும் தில்லியிலேயே இருக்கிறது. இன்டர்டிஜிட்டல் - ஷாவ்மி வழக்கில், மற்ற நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களை எதிர்த்தரப்பின் வழக்கறிஞர்களும் நிபுணர்களும் மட்டுமே பார்க்கலாம், ஷாவ்மி அதிகாரிகள் பார்க்கக் கூடாது என்று இன்டர்டிஜிட்டல் கேட்டது. 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை மறுத்தது. பணம் கட்ட வேண்டியவருக்கே தெரியாமல் விலை நியாயமா என்று எப்படி அவர் முடிவு செய்வார் என்பதுதான் அதன் அடிப்படை. இதை ஒரு படி மேலே கொண்டுபோகலாம். இந்தியாவில் இறக்குமதியாகும் அல்லது கோக்கப்படும் போன்களுக்கான எஸ்இபி ஒப்பந்தங்களை அரசிடம் பதிவு செய்யச் சொல்லலாம். கட்சிகளின் பெயரை மறைத்து, எத்தனை போன், என்ன விகிதம் என்ற சராசரிகளை ஆண்டுதோறும் வெளியிடலாம். 2016 மார்ச்சில் மத்திய அரசின் தொழில் கொள்கைத் துறை, ஃப்ராண்ட் உரிமங்கள் பற்றி ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. ராயல்டியை எதன்மீது கணக்கிடுவது, ஒப்பந்தங்களை ரகசியமாக வைக்க விடலாமா என்ற கேள்விகள் அப்போதே அதில் இருந்தன. அவற்றுக்கு இன்னும் விதியாக எதுவும் எழுதப்படவில்லை.